வெட்டர்னரி டெக்னீஷியன் படிப்பில் வெளிநாட்டில் தன்னார்வலராக இருந்தவர்களின் அனுபவத்தை ஏன் சேர்க்கிறார்கள்?

வெட்டர்னரி டெக்னீஷியன் என்பவர் விலங்குகளுக்கான செவிலியர். ரத்தம் எடுப்பார், எக்ஸ்ரே எடுப்பார், மயக்க மருந்து கொடுத்த விலங்கைக் கண்காணிப்பார். அமெரிக்காவில் இது பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு.

நாய்களிடையே பரவும் ரேபிஸ் வகை அங்கே ஒழிந்துவிட்டதாக 2007-இல் அறிவித்தார்கள். அதனால் அங்குள்ள மாணவருக்கு வெறிநாய்க்கடி வெறும் பாடப்புத்தக நோய். கோவாவில் ‘மிஷன் ரேபிஸ்’ என்ற ரேபிஸ் ஒழிப்பு அமைப்பின் முகாமில் தெருநாயை வலைபோட்டுப் பிடித்து, தடுப்பூசி போட்டு, சாயத்தால் அடையாளமிட்டவர் வந்து பேசினால்தான், 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி என்ற இலக்கு எவ்வளவு பாடு என்று புரியும்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, கருவி இல்லாமல் கவனிக்கும் பழக்கம். இப்படிப்பட்ட முகாமில் மின்சாரம் போய் மானிட்டர் நின்றாலும், ஈறின் நிறம் என்ன, அதை அழுத்திய விரலை எடுத்தால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்புகிறதா, தாடை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று பார்த்தே மயக்கத்தில் இருக்கும் நாயின் நிலையைக் கணிக்கலாம். குக்கர் விசிலை எண்ணிப் பழகியவர், பானைச் சோற்றில் ஒரு பருக்கையை நசுக்கிப் பதம் பார்க்கக் கற்பது போலத்தான்.

வெளிநாட்டு முகாமுக்குப் போனால் மாணவரே அறுவை சிகிச்சை செய்து பழகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, கத்தியைப் பிடிப்பது அங்கேயும் டாக்டரின் வேலைதான்.