பொன்னியின் செல்வன்: படம் பார்த்தபின் புத்தகம் நகரவில்லையா?

படம் பார்த்துவிட்டு ஐந்து பாகங்களையும் வாங்கி, முதல் பாகத்திலேயே நூறு பக்கத்தில் நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதே கதைதான். ஒரே மூச்சில் படிக்கப் பார்ப்பதுதான் சிக்கல். கல்கி இதை 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக எழுதினார். அத்தியாயத்துக்கு அத்தியாயம் கொக்கி போட்டு நிறுத்துவார். இரவுக்கு இரண்டு அத்தியாயம் போதும். வீரநாராயண ஏரிக்கரை வர்ணனை இழுக்கிறதா? தாண்டுங்கள், பாவமில்லை. ஆனால் வீர வைணவன் ஆழ்வார்க்கடியான் தடியைத் தூக்கிக்கொண்டு வாதத்துக்கு நிற்கும் இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், நான் சத்தமாகவே சிரித்தேன். முடிவு தெரிந்துவிட்டதே என்றும் கவலை வேண்டாம். வந்தியத்தேவனின் நண்பன் கந்தமாறனுடைய தங்கை மணிமேகலை படத்தில் கிடையாது, புத்தகத்தில் உண்டு. கடைசி பாகத்தில் என்னை அழவைத்தது அவள்தான். அப்புறம், பெயர்கள் குழம்பினால் அட்டையின் உள்பக்கம் பென்சிலால் ஒரு வம்சாவளி கிறுக்கி வையுங்கள்.