9 இலட்சத்துக்குக் கருவி வாங்கி, வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது, திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். தனியார் நிறுவனமொன்றில் வேலை. சம்பளம் 80,000, கைக்கு வருவது 73,600. மற்ற நேரத்தில் எலக்ட்ரானிக் இசையும் விஷுவல்ஸும் (இசையோடு திரையில் ஓடும் படங்கள்) செய்கிறேன். மே முதல் செப்டம்பர் வரை சீசனில் கடற்கரை ஹோட்டல்களில் வாசித்ததில் போன வருடம் 4 இலட்சத்து 50 ஆயிரம் கிடைத்தது. வெளிநாட்டு இசைக்காரர்களுக்கு அட்டைப்படமும் விஷுவல்ஸும் செய்ததில் 1,800 டொலர், அதாவது ஏறக்குறைய 5 இலட்சத்து 40 ஆயிரம். ஸ்ட்ரீமிங்கில் 30 டொலர். சராசரி பார்த்தால் மாதம் 83,000, சம்பளத்தை விட அதிகம். வேலையை விட்டுவிட்டு 9 இலட்சத்துக்கு ஸ்பீக்கர், சிந்தசைசர், புரொஜெக்டர் வாங்க நினைக்கிறேன். அம்மா நகையை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார். வீட்டுக்கும் எனக்குமாக மாதச் செலவு 60,000. செய்யலாமா அண்ணா?

பதில்: தம்பி, வேலையை விடலாம், ஆனால் இப்போது வேண்டாம். நகை அடகு எப்போதுமே வேண்டாம்.

முதலில் அந்தச் சராசரி. கைக்கு வரும் 73,600ஐ மட்டும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். உங்களிடம் பிடிக்கும் 8 சதவீதம் உங்கள் பெயரில்தான் இ.பி.எஃப்.க்கு (ஊழியர் சேமலாப நிதி) போகிறது. அதற்கு மேல் முதலாளி 12 சதவீதமும், இ.டி.எஃப்.க்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதமும் போடுகிறார். எல்லாம் சேர்த்தால் இந்த வேலையின் பெறுமதி மாதம் 92,000. வேலையை விட்டால் அந்தச் சேமிப்பை நீங்களேதான் செய்ய வேண்டும்.

அப்புறம், 83,000 மாதாமாதம் வரப்போவதில்லை. ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை 7 மாதம் ஹோட்டல் பக்கம் காசு இல்லை. அந்த 7 மாதச் செலவு 4 இலட்சத்து 20 ஆயிரம். வெளிநாட்டு வேலை மாதம் 45,000 வீதம் ஒழுங்காக வந்தாலும் 3 இலட்சத்து 15 ஆயிரம்தான். சீசன் காசில் ஒரு இலட்சத்துக்கு மேல் தொடாமல் வைத்திருந்தால்தான் வாடைக்காலம் கழியும். அதுவும் சீசன் ஒழுங்காக நடந்தால்தான். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022 நெருக்கடி என்று நாலு வருடத்துக்குள் மூன்று தடவை கடற்கரை வெறிச்சோடியதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அடகுக் கணக்கு இன்னும் மோசம். வேலை இல்லாமல் ஒரு வருடம் உழைத்தால், செலவு போக உங்களுக்கு மிஞ்சுவது 2 இலட்சத்து 79 ஆயிரம். 9 இலட்சத்தை அடைக்க, வட்டியே இல்லாவிட்டாலும், மூன்று வருடத்துக்கு மேலாகும். அடகுச் சீட்டு அவ்வளவு நாள் காத்திருக்காது. இத்தனைக்கும், அந்தச் சிந்தசைசருக்காக எந்த ஹோட்டலும் ஒரு ரூபாய் கூட்டித் தரப்போவதில்லை. புரொஜெக்டர் வேறு கதை. இசையோடு சுவரில் விஷுவல்ஸும் ஓடும் இரவு என்றால் கூடுதலாகக் கேட்கலாம். ஒரு சீசன் வாடகைக்கு எடுத்துச் செய்து பாருங்கள், கூடக் கொடுக்கிறார்களென்றால் வாங்குங்கள். (கடற்காற்றில் வயர் முனைகள் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் யோசியுங்கள்.)

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன விஷயம்: விஷுவல்ஸுக்கு 1,800 டொலர், ஸ்ட்ரீமிங்குக்கு 30. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 2024 முதல் ஸ்பொட்டிஃபையில், முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்குக் காசே கிடையாது. ஸ்ட்ரீமிங்கை விளம்பரமாக மட்டும் பாருங்கள், சோறு போடுவது படம்தான். எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த பாடகி மாயா அருள்பிரகாசமும் லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்டின்ஸில் படித்து, 2000இல் எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் இசைத்தட்டுக்கு அட்டைப்படம் செய்தவர். அந்தக் குழுவோடு சுற்றிய காலத்தில்தான் ரோலண்ட் எம்.சி.-505 என்ற எலக்ட்ரானிக் இசைப் பெட்டி அவருக்கு அறிமுகமானது. அதை வைத்துத்தான் ஆரம்பப் பாட்டுகளைச் செய்தார். முதல் தொகுப்பு 2005இல் வந்தது.

ஆகவே நேரத்தைப் படத்தில் போடுங்கள். பாதிக் காசு முற்பணம் வராமல் வேலையைத் தொடங்க வேண்டாம். இசையில் மட்டும் உரிமையை விற்காதீர்கள். ஹோட்டலோ விளம்பரக்காரரோ கேட்டால், எங்கே, எத்தனை வருடம் பயன்படுத்தலாம் என்று எழுதி அனுமதி மட்டும் கொடுங்கள். இலங்கைச் சட்டப்படி பதிப்புரிமை உங்கள் ஆயுளும் அதற்குப் பின் 70 வருடமும் நிற்கும், பதிவு செய்யத் தேவையில்லை.

எப்போது விடுவது? சம்பளமே உங்கள் செலவைத் தாங்குகிறது. வெளி வருமானத்தைத் தொடாமல் தனிக் கணக்கில் போடுங்கள். 6 மாதச் செலவு, 3 இலட்சத்து 60 ஆயிரம், முதலில் சேரட்டும். அதோடு ஒரு முழு வாடைக்காலத்தையும் பாருங்கள். அதில் டொலர் வேலை மாதம் 45,000க்குக் குறையாமல் வந்தால், ஏப்ரலில் ராஜினாமாக் கடிதம் கொடுங்கள். முன்னால் 5 மாதச் சீசன் இருக்கும். சீசன் முடிந்த சூட்டில் ஒக்டோபரில் விடுவதுதான் மிகக் கெட்ட நேரம், ஆனால் அப்போதுதான் கையில் காசைப் பார்த்து எல்லோருக்கும் தைரியம் வரும்.

டொலர் எந்த வழியால் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மச்சானின் பேபாலுக்கு வாங்கி, உண்டியலில் (வங்கிக்கு வெளியே கைமாறும் வழியில்) எடுப்பவர்கள் நிறையப் பேர். அதை விடுங்கள். பேயோனியர் போன்ற இணையப் பணப் பரிமாற்ற வழியால் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே எடுங்கள். வெளிநாட்டுக்குச் செய்த சேவைக்கு, வெளிநாட்டு நாணயத்தில், வங்கி வழியாக வந்த வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் உச்ச வரி 15 சதவீதம்தான். மற்ற வருமானத்துக்கு அது 36 வரை போகும். மச்சான் வழியால் வந்த காசுக்கு இந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

இன்னொன்று: வருமான வரி விலக்கு வருடம் 18 இலட்சம். உங்கள் சம்பளம் 9 இலட்சத்து 60 ஆயிரத்தோடு வெளி வருமானமும் சேர்ந்தால் 19 இலட்சத்து 59 ஆயிரம். எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். மேலதிகத்துக்கு 6 சதவீதம், 9,500 ரூபாய் அளவில் வரும். இன்டர்நெட், மென்பொருள் செலவைக் கழித்தால் இன்னும் குறையும். டின் நம்பர் (வரி செலுத்துபவரின் அடையாள எண்) இல்லாவிட்டால் இப்போதே எடுங்கள். மார்ச் 31இல் முடியும் வருடத்துக்கான கணக்கை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும்.