கர்ப்பகாலச் சாப்பாடும் பிள்ளையின் கவனமும்: கேள்வி பதில்

கவனம் நிலைக்காமை, அளவுமீறிய துறுதுறுப்பு (ஏ.டி.எச்.டி.) பற்றிக் கர்ப்பிணிகளும் தாய்மார்களும் கேட்டவற்றுக்குத் தாய்சேய் ஊட்டச்சத்து ஆலோசகர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி: எனக்கு ஐந்தாம் மாதம். முதல் மூன்று மாதம் வாந்தி. பரோட்டா, சிப்ஸ், கூல்டிரிங்க்ஸ் தவிர எதுவும் இறங்கவில்லை. இப்படிச் சாப்பிட்டால் பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. வாய்ப்பு 66% கூடும் என்று டென்மார்க் ஆய்வு சொல்கிறதாமே மேடம்?

2025-ல் வெளியான ஆய்வு அது. 508 பிள்ளைகளைப் பத்து வயதில் நேரில் பரிசோதித்து, கர்ப்பத்தில் தாய் என்ன சாப்பிட்டார் என்பதோடு பொருத்திப் பார்த்தார்கள். கொழுப்பும் சர்க்கரையும் மைதா வகையும் கூடி, மீனும் காய்கனியும் குறைந்த சாப்பாட்டு முறைக்கும் ஏ.டி.எச்.டி.க்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் நூற்றில் 66 பிள்ளைக்கு வரும் என்று அர்த்தமில்லை. நூற்றில் 5 பேருக்கு இருப்பது 8 பேர் அளவுக்கு ஏறும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். இரட்டையர் ஆய்வுகளின்படி ஏ.டி.எச்.டி.யில் மரபின் பங்கு சுமார் 74%. கவனச் சிக்கல் உள்ள ஒரு பெண்ணுக்குக் காய் வாங்கி, நறுக்கி, நேரத்துக்குச் சமைப்பதே பாடு. பாக்கெட் உணவுப் பக்கம் சாய்வார். அப்போது பிள்ளைக்குப் போனது சாப்பாட்டின் விளைவா, மரபா? இந்த மாதிரி ஆய்வால் அதை முழுதாகப் பிரித்துச் சொல்ல முடியாது. வாந்திக் காலத்தில் இறங்கியதைச் சாப்பிட்டது தப்பில்லை. இனி தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு சோறு. மீதி பருப்பு, முட்டை, மீன் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹீமோகுளோபின் 9.8. முருங்கைக்கீரையும் பேரீச்சையும் நிறைய சாப்பிடுகிறேன். சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, விட்டுவிடலாமா?

விடவே கூடாது. கர்ப்பத்தில் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஸ்டாக்ஹோமில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து 2019-ல் வந்த ஆய்வில், 30 வாரத்துக்குள் ரத்தசோகை கண்டறியப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளில் 9.3% பேருக்கு ஏ.டி.எச்.டி.; ரத்தசோகை இல்லாதவர்களிடம் 7.1%. முப்பது வாரத்துக்குப் பிறகு வந்த ரத்தசோகைக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. அதனால்தான் சீக்கிரம் சரிசெய்யச் சொல்கிறோம்.

கீரை நல்லதுதான், ஆனால் கணக்கு கட்டாது. கர்ப்பிணிக்கு நாளைக்கு 27 மி.கி. இரும்பு தேவை. நூறு கிராம் பச்சை முருங்கைக்கீரையில் இருப்பது நாலரை மி.கி. அளவு, அதிலும் உடம்பில் சேர்வது கொஞ்சமே. அரசு தரும் மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. நான்காம் மாதம் தொடங்கி 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள். 9.8-க்கு இந்த அளவு போதாது. சிகிச்சை அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பலருக்கு மாத்திரை எடுத்தும் ஏறாததற்குக் காரணம் நேரம். கால்சியமும் இரும்பும் சேர்ந்தால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும். காலை, மதியச் சாப்பாட்டோடு கால்சியம். இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து இரும்பு, எலுமிச்சைச் சாற்றோடு. படுக்கும்போது குங்குமப்பூ பால் குடிக்கும் வீடுகளில் இங்கேதான் கெடும்: பாலை மாலைக்கு மாற்றுங்கள். காபி, டீக்கும் முன்பின் ஒரு மணி நேரம் இடைவெளி. புரட்டினால் சாப்பிட்ட உடனே எடுங்கள்; சேர்வது சற்றுக் குறைந்தாலும் நிறுத்துவதைவிட மேல். மலம் கருப்பாகப் போவது இயல்பு.

கேள்வி: எனக்குத் தைராய்டு மாத்திரையும் இருக்கிறதே?

காலையில் வெறும் வயிற்றில் அதை மட்டும். இரும்பும் கால்சியமும் அதற்கு நான்கு மணி நேரம் தள்ளி. அப்படியானால் உங்கள் முதல் கால்சியம் மதியம், அடுத்தது மாலைச் சிற்றுண்டியோடு.

கேள்வி: வீட்டில் கல் உப்பும் இந்துப்பும்தான். மாற்ற வேண்டுமா?

பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் முத்திரையும் ‘அயோடின் கலந்தது’ என்ற வரியும் இல்லையென்றால் மாற்றுங்கள். இந்துப்பை அயோடினுக்காக நம்ப முடியாது. சிசுவின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராய்டு சுரப்பு முதல் மாதங்களில் தாயிடமிருந்தே போகிறது. அதற்கு மூலப்பொருள் அயோடின். கர்ப்பத்தில் நாளைக்கு 250 மைக்ரோகிராம் தேவை. உப்பில் 15 பிபிஎம் (கிலோவுக்கு 15 மி.கி.) அயோடின் இருந்தால் 5 கிராமில் கிடைப்பது 75 மைக்ரோகிராம் மட்டுமே. மீதி பால், தயிர், முட்டை, மீனிலிருந்து வர வேண்டும். அதற்காக உப்பைக் கூட்டாதீர்கள். மூடிய டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வைத்து, கடைசியில் போடுங்கள்.

கேள்வி: மீனில் பாதரசம் என்று மாமியார் நிறுத்திவிட்டார். மீன் எண்ணெய் மாத்திரை போதுமா?

போதாது. ஆஸ்திரேலியாவில் கர்ப்பிணிகளுக்குத் தினம் 800 மி.கி. டிஹெச்ஏ (மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு) கொடுத்துப் பார்த்தார்கள். 27 மாத வயதில் பிள்ளைகளின் கவனத்தில் வித்தியாசமில்லை. பிரிட்டனில் 2007-ல் வந்த ஆய்விலோ, வாரம் 340 கிராமுக்கும் குறைவாக மீன் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகள்தான் பேச்சறிவில் பின்தங்கினார்கள். மாமியார் பயப்படுவதிலும் பாதி நியாயம் இருக்கிறது: சுறா, பெரிய வஞ்சிரம், மயில்கோலா போன்ற வேட்டை மீன்களில் பாதரசம் சேரும். மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தியில் குறைவு. சமைப்பதற்கு முன் முள் நீக்கிய எடையில் வாரம் 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடலாம். கருவாடு இந்தக் கணக்கில் வேண்டாம், உப்பு அதிகம்.

கேள்வி: இருமலுக்கு அதிமதுரப் பொடி தேனில் குழைத்துத் தருகிறார்கள். மூலிகைதானே?

மூலிகை என்பதால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. அதிமதுர மிட்டாயை விரும்பித் தின்னும் பின்லாந்தில், 2017-ல் வெளியான ஹெல்சிங்கி ஆய்வில், அதிமதுரத்துக்கு இனிப்பு தரும் கிளைசிரைசினை வாரம் 500 மி.கி.க்கு மேல் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளிடம் பன்னிரண்டு வயதளவில் ஏ.டி.எச்.டி. சிக்கல்கள் மூன்று மடங்கு கூடுதலாகத் தெரிந்தன. தாயின் கார்டிசோல் (மன அழுத்தத்தில் கூடும் சுரப்பு) சிசுவுக்குப் போகாமல் நஞ்சுக்கொடியில் தடுக்கும் நொதியை இந்தக் கிளைசிரைசின் முடக்குகிறது. வேரில் அதன் அளவு ஏறி இறங்கும். 5% என்று வைத்தாலும் 3 கிராம் பொடியில் 150 மி.கி.; வாரம் நான்கு தடவை எடுத்தால் எல்லை தாண்டிவிடும். ரத்த அழுத்தமும் ஏறும். வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளியுங்கள், வெறும் தேன் போதும்.

கேள்வி: காபி?

நாளைக்கு 200 மி.கி. காஃபினுக்குள். 150 மி.லி. பில்டர் காபியில் 80 முதல் 120, டீயில் 30 முதல் 65. அதாவது ஒரு காபி, ஒரு டீ. இந்த எல்லை முக்கியமாகக் குழந்தையின் எடைக்காக.

கேள்வி: மூன்று வயதுப் பையன் ஓரிடத்தில் உட்காரமாட்டான். கர்ப்பத்தில் நான் சரியாகச் சாப்பிடாததாலா மேடம்?

மூன்று வயதில் உட்காராதது நோயல்ல. நான்கு வயதுக்கு முன் பொதுவாக ஏ.டி.எச்.டி. என்று உறுதி செய்வதில்லை. அப்படிச் சொல்ல, அறிகுறிகள் வீடு, பள்ளி இரண்டிலும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். அதுவரை காது கேட்கும் திறன், தூக்கம், ஹீமோகுளோபின், போன் பார்க்கும் நேரம் நான்கையும் பாருங்கள். பேச்சும் பிந்தியிருந்தால் வயது ஆகட்டும் என்று காத்திருக்காமல், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குக் கூட்டிப் போங்கள்.