பஸ்ஸுக்கே தடையா?

கேள்வி: எனக்கு 64 வயது, சர்க்கரை வேறு. தனியாக பஸ்ஸில் போகக்கூட மகன் விடுவதில்லை. இந்த வயதில் தனியாக உலகம் சுற்றியவர் யாராவது உண்டா?

பதில்: உண்டு, அதுவும் பாய்மரப் படகில்! இங்கிலாந்தின் பிரான்சிஸ் சிசெஸ்டருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று 1958-ல் டாக்டர்கள் சொன்னார்கள். மனைவி ஷீலா அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிக்கவில்லை. மனிதர் தேறிவிட்டார். அப்புறம் 1966 ஆகஸ்டில், உங்கள் வயதில், 'ஜிப்சி மாத் 4' படகில் பிளிமத்திலிருந்து தனியாகக் கிளம்பினார். 65-வது பிறந்தநாள் நடுக்கடலில். வழியில் சிட்னியில் மட்டும்தான் நிறுத்தம். அங்கிருந்து புறப்பட்ட சூட்டிலேயே இரவில் படகு கவிழ்ந்து, தானாக நிமிர்ந்தது. 1967 மே மாதம் ஊர் திரும்பினார். கடலில் இருந்தது 226 நாள். இத்தனைக்கும் அந்தப் படகை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது!

சரி, மகனிடம் படகு என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் பஸ்ஸுக்கு அனுமதி வாங்குங்கள். மாத்திரை டப்பா முக்கியம்.