நுவரெலியாவில் விட்டுவந்த வெட்ஜ்: யாழ்ப்பாணத்தில் இருந்தபடி எடுப்பது எப்படி?

கேள்வி: கனடாவில் இருந்து வந்த மச்சானோடு ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவில் கோல்ப் 18 குழியும் விளையாடினோம். பை மச்சானுடையது; சில குழிகளில் நானும் அவருடைய மட்டையை வாங்கி அடித்துப் பார்த்தேன். பையைத் தூக்க ஒரு கெடி கூட வந்தார். செவ்வாய் காலை வீட்டில் பையைத் திறந்தால் 56 பாகை சாண்ட் வெட்ஜைக் (மணலில் இருந்தும் கிட்ட இருந்தும் பந்தைத் தூக்கிப் போடும் சரிந்த முக மட்டை) காணவில்லை. ட்ரைவரின், அதாவது தூரத்துக்கு அடிக்கும் பெரிய மட்டையின், தலையுறையும் இல்லை. வருகிற திங்கள் மச்சானுக்குக் கட்டுநாயக்காவில் விமானம். உடனே திரும்பிப் போய்த் தேடுவதா? களவு போயிருக்குமா? (கொக்குவில் வாசகர்)

பதில்: திரும்பிப் போகவேண்டாம். யாழ்ப்பாணத்தில் இருந்து நுவரெலியா போய்வர இரண்டு நாள் போய்விடும். போனாலும், மற்றவர்கள் விளையாடிக்கொண்டிருக்கும் மைதானத்துக்குள் இறங்கித் தேட விடமாட்டார்கள். நீங்கள் வீட்டில் இருந்தே சரியான ஆளிடம் சரியான விபரத்தைச் சொன்னால் போதும்.

களவு என்ற யோசனையையும் முதலில் ஒதுக்கிவையுங்கள். களவெடுப்பவர் முழுப் பையையோ, விலை கூடிய ட்ரைவரையோதான் எடுப்பார். ஒரு வெட்ஜ் மட்டும் காணாமற்போனால் அது ஏதோ ஒரு கிரீனின் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) ஓரப் புல்லில் விடப்பட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். காரணம் சிக்கலானதல்ல. பந்து கிரீனுக்குச் சற்று வெளியே நிற்கும்போது ஆட்டக்காரர் பையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வெட்ஜையும், பந்தை உருட்டும் மட்டையான பட்டரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நடப்பார். வெட்ஜால் தூக்கிப் போட்டபின் அதைப் புல்லில் போட்டுவிட்டு, பட்டரோடு உள்ளே போவார். பந்து குழியில் விழுந்ததும் மனம் அடுத்த டீக்கு, அதாவது அடுத்த குழிக்கு அடிக்கத் தொடங்கும் இடத்துக்குப் போய்விடும். கையில் ஒரு மட்டை இருப்பதால் இன்னொன்று குறைவது உறைக்காது. பங்கர் எனப்படும் மணல் பள்ளத்துக்குள் இறங்கினால் ஆபத்து இன்னும் கூட. வாரியை எடுத்து மணலைச் சமப்படுத்தும்போது மட்டை பங்கரின் கரையில் கிடக்கும். வாரியை வைக்கும் கை மட்டையை மறந்துவிடும்.

தலையுறையின் கதை வேறு. அது டீயில் கழற்றப்படுவது. ஆகவே நீங்கள் தொலைத்தது இரண்டு பொருட்களை, அநேகமாக இரண்டு வேறு இடங்களில். இதை ஒன்றாகக் குழப்பி "எங்கேயோ விட்டுவிட்டோம்" என்று சொன்னால் தேடுபவருக்கு ஒரு பயனும் இல்லை.

தொலைபேசியை எடுக்க முன் வீட்டிலேயே பத்து நிமிடம் செலவழியுங்கள். பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். வெட்ஜ் கட்டையான மட்டை. பைக்குள் பிரிப்புத் துணி கிழிந்திருந்தால் அடியில் போய் மற்றப் பிடிகளோடு சிக்கி நிற்கும். குடை செருகும் குழாய், பயண உறையின் அடிப்பகுதி, வாகனத்தின் டிக்கி, பின் இருக்கைக்குக் கீழே, எல்லாவற்றையும் பாருங்கள். உங்களோடு வேறு யாராவது சேர்ந்து விளையாடியிருந்தால் அவர்களின் பையையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்து கெடிமார் மட்டைகளைத் துடைத்துத் திருப்பி வைக்கும்போது ஒன்று பக்கத்துப் பைக்குள் போவது அடிக்கடி நடப்பதுதான்.

அடுத்தது எந்தக் குழி என்று கண்டுபிடிப்பது. மச்சானையும் புள்ளி அட்டையையும் வைத்துக்கொண்டு 18இல் இருந்து பின்னோக்கி வாருங்கள். ஒவ்வொரு குழிக்கும் ஒரே கேள்விதான்: பந்து கிரீனுக்குள் எந்த மட்டையால் ஏறியது? அயர்னால் (இலக்கமிட்ட இரும்புத் தலை மட்டை) நேரே ஏறிய குழிகளை வெட்டிவிடுங்கள். பின்னோக்கி வரும்போது வெட்ஜைப் பாவித்ததாக நிச்சயமாக நினைவு வரும் முதலாவது குழிதான் உங்கள் இடம். அதற்குப் பிறகு அந்த மட்டை பையை விட்டு வெளியே வரவில்லை என்றால், உள்ளேயே போகவில்லை என்றுதான் அர்த்தம். நினைவு தடுமாறினால் கைபேசிப் படங்களைப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரம் பதிவாகியிருக்கும். பின்னணியில் பை தெரிந்தால் பெரிதாக்கி மட்டைத் தலைகளை எண்ணுங்கள். 11ஆம் குழிப் படத்தில் வெட்ஜ் இருந்து 15இல் இல்லையென்றால் தேடவேண்டியது நாலு குழிதான். மச்சானின் மட்டைப் பிடிகளின் நுனியில் ஆர்க்கோஸ் போன்ற உணரி பூட்டியிருந்தால் வேலை இன்னும் சுலபம். அந்த மட்டையால் கடைசியாக அடித்த இடத்தை அதன் செயலி வரைபடத்திலேயே காட்டும்.

நீங்களும் இடைக்கிடை அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். பழக்கமான ஆட்டக்காரரைவிடப் பழகுபவர்தான் மட்டையைக் கூடுதலாக விடுவார். உங்கள் அடிகளையும் கணக்கில் எடுங்கள். மச்சானை மட்டும் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள்.

இப்போது தொலைபேசி. கழக அலுவலகத்தின் வரவேற்பில் சொன்னால் ஒரு கொப்பியில் எழுதி வைப்பார்கள், அவ்வளவுதான். கெடிமாரை அனுப்பும் பொறுப்பாளரோடு, அதாவது கெடி மாஸ்டரோடு கதைக்கவேண்டும் என்று கேளுங்கள். உங்கள் பையைத் தூக்கியவர் யார் என்பது அவருக்குத் தெரியும், அந்தக் கெடிக்கு நீங்கள் எந்த இடத்தில் நின்று அடித்தீர்கள் என்பதும் நினைவிருக்கும். நுவரெலியாவில் தமிழிலேயே விளக்கிச் சொல்ல ஆள் கிடைப்பார். பேசும்போது "கிளப்" என்று சொல்லாமல் மட்டை என்றோ வெட்ஜ் என்றோ சொல்லுங்கள். கழகமும் கிளப், மட்டையும் கிளப் என்றால் அரை நிமிடம் வீணாகப் போகும்.

நீங்கள் அழைப்பது செவ்வாய்க்கிழமை என்பதைக் கவனியுங்கள். கிரீன்களைக் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் வெட்டுவார்கள். கிரீனைச் சுற்றிய குட்டைப் புல்லையும் கிழமையில் சில தடவை வெட்டுவார்கள். ஒரு உருக்கு மட்டை வெட்டும் இயந்திரத்தின் அலகில் பட்டால் அலகு போய்விடும், ஆகவே இயந்திரத்துக்கு முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டே போவது அவர்களின் வழக்கம். ஞாயிறு கிரீன் ஓரத்தில் விட்ட மட்டை திங்கள் விடிய யாரோ ஒருவர் கையில் ஏறியிருக்கும். அது இப்போது புல்லில் இல்லை. புல் வெட்டுபவர்களின் கருவிக் கொட்டிலில் சுவரில் சாய்ந்து நிற்கலாம், இல்லாவிட்டால் அலுவலக மூலையில் மற்ற அநாதை மட்டைகளோடு நிற்கலாம். எனவே "மைதானத்தில் தேடுங்கள்" என்று கேட்பதைவிட "கொட்டிலில் கேட்டுப் பாருங்கள்" என்று கேட்பது பலன் தரும்.

மூன்றாவது சாத்தியம், உங்களுக்குப் பின்னால் வந்த குழு. கிடந்த மட்டையை எடுத்துத் தங்கள் பையில் செருகி, முடிந்ததும் கொடுப்போம் என்று நினைத்து, மறந்து, வீட்டுக்கே கொண்டுபோய்விடுவார்கள். நல்ல மனிதர்களுக்கும் இது நடக்கும். அடுத்த முறை விளையாடப் பையைத் திறக்கும்போதுதான் கண்ணில் படும். உங்களுக்குப் பின் இறங்கியவர்களின் பெயர் அலுவலக நேரப் பதிவில் இருக்கும். அவர்களின் இலக்கத்தை உங்களிடம் தரமாட்டார்கள், தரவும் கூடாது. அலுவலகமே ஒரு தடவை அழைத்துக் கேட்கும்படி பணிவாகக் கேளுங்கள். அடுத்த வார இறுதி முடிந்து திங்கட்கிழமை இரண்டாவது தடவை அழையுங்கள். அந்த இரண்டாவது அழைப்பைத்தான் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை.

கதைத்து முடித்ததும் அதையே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். இப்படி:

"ஞாயிறு காலை 8.10க்கு இறங்கினோம். ஆட்டக்காரரின் பெயர் இது. வலக்கை சாண்ட் வெட்ஜ், அடியில் 56 என்ற எண், உருக்குத் தண்டு, கறுப்புப் பிடி. 13ஆம் கிரீனின் இடது பக்கம், பங்கர் ஓரத்தில் விட்டதாக நினைக்கிறோம். ட்ரைவர் தலையுறை தனியாக, ஏதோ ஒரு டீயில். கிடைத்தால் இந்த இலக்கத்துக்கு ஒரு படம் அனுப்புங்கள்."

நிறுவனப் பெயரையும் மாதிரியையும் சேருங்கள். வெட்ஜின் அடிப்புறத்தில் பெரும்பாலும் இரண்டு எண் இருக்கும், 56, 10 என்பது போல. முதலாவது முகச் சரிவு, இரண்டாவது பௌன்ஸ் எனப்படும் அடிப்புறச் சரிவு. ஒரே நிறுவனத்தின் 56 பாகை வெட்ஜ் மூன்று அந்த மூலையில் நின்றாலும் இரண்டாவது எண் பிரித்துக் காட்டும். ஒரு அடையாளத்தை மட்டும் எழுதாமல் வைத்திருங்கள்: குதிப் பக்கத்துக் கீறல், முகத்தின் பின்னால் ஒட்டிய ஈயப் பட்டி, பிடியின் வெட்டு, எதுவோ ஒன்று. படம் வந்ததும் அதை வைத்து உறுதிப்படுத்தலாம். இதற்கெல்லாம் மச்சானிடம் கேட்டே ஆகவேண்டும், ஆகவே விசயத்தை அவருக்கு மறைக்கிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கிடைத்துவிட்டது என்று வைப்போம். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பச் சொல்லாதீர்கள்! மச்சான் ஏறப்போவது கட்டுநாயக்காவில். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உங்களுக்கு ஒரு சொந்தக்காரர் வீடு இல்லாமல் இராது. அந்த முகவரிக்குக் கூரியரில் போடச் சொல்லுங்கள். புதன்கிழமை போட்டால் வார இறுதிக்குள் கையில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சாண்ட் வெட்ஜின் நீளம் ஏறக்குறைய 90 சென்ரிமீற்றர். ஹாட்வெயார் கடையில் 110 மில்லிமீற்றர் பிவிசி குழாய் ஒரு மீற்றர் வெட்டித் தருவார்கள், இதைவிட நல்ல பெட்டி கிடையாது. தலையைப் பழந்துணியால் தடிப்பாகச் சுற்றி உள்ளே விட்டு, இரு முனையிலும் பத்திரிகைத் தாளைக் கசக்கி இறுக்கி அடைக்கவேண்டும். குலுக்கினால் சத்தம் கேட்கக்கூடாது. மட்டை முறிவது தலையும் தண்டும் சேரும் கழுத்தில். தலை ஆடினால் அடி முழுக்க அங்கேதான் விழும். குழாய் இல்லையென்றால் தடித்த அட்டைப் பெட்டியை விரித்து மூன்று சுற்றுச் சுற்றலாம். கூரியர் செலவை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். கண்டெடுத்தவருக்கு ஒரு சந்தோசமும் தனியாகக் கொடுங்கள், மட்டை வந்து சேர்ந்தபின். ரீலோட் போட்டாலும் சரிதான்.

விமானத்தில் கோல்ப் மட்டையைக் கைப்பையோடு கொண்டுபோக விடமாட்டார்கள், ஒற்றை வெட்ஜ் என்றாலும். பெரிய சூட்கேசுக்குள் குறுக்காக வைக்கலாம் என்று கணக்குப் போடவும் வேண்டாம். 76க்கு 50 சென்ரிமீற்றர் பெட்டியின் மூலைவிட்டமே 91 சென்ரிமீற்றர்தான், உள்ளளவு அதைவிடக் குறைவு. கோல்ப் பைக்குள்தான் போகவேண்டும். ஆகவே பயண உறையை முன்கூட்டியே கட்டிப் பூட்டிவிடாதீர்கள்.

மட்டை இரண்டு இரவு நுவரெலியாப் பனியில் கிடந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் துடைத்துவிட்டு அப்படியே உறைக்குள் போடக்கூடாது. பிடியின் நுனியில் ஒரு சிறு துளை இருக்கும், அதனூடாக உருக்குத் தண்டுக்குள் தண்ணீர் போகும். தலை மேலே, பிடி கீழே இருக்கும்படி ஒரு நாள் தொங்கவிடுங்கள். வெயிலில் சுடவைக்க வேண்டாம். தலையைத் தண்டோடு பிடித்திருக்கும் பசை கடுஞ்சூட்டில் இளகும். முகத்தில் பழுப்புத் துரு தெரிந்தால் மச்சானிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பூச்சில்லாத வெட்ஜ்களைத் துருப்பிடிக்க விட்டே பாவிக்கிறவர்கள் உண்டு. நீங்கள் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுத்தால் சந்தோசப்படமாட்டார்.

திங்கள் வரை கிடைக்காவிட்டால்? தொலைந்தது 7ஆம் இலக்க அயர்ன் என்றால் செட்டே உடைந்ததாகும். அதே மாதிரியில் ஒற்றை மட்டை தேடிப் பிடிக்கவேண்டும். வெட்ஜ் அப்படியல்ல. அதைத் தனியாக விற்பார்கள், தனியாகவே வாங்குவார்கள். பிட்ச்சிங் வெட்ஜ் 46 பாகை, அடுத்தது 52 என்றால் 56 அல்லது 58 எடுத்தால் இடைவெளி சரியாக இருக்கும். மச்சான் கனடாவில் வாங்கிக்கொள்வார். பிறகு பழையது கிடைத்தால் வெள்ளவத்தை வீட்டிலேயே அடுத்த பயணம் வரை நிற்கட்டும், ஒற்றை மட்டையை வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவு பெரும்பாலும் கட்டாது.

மட்டை குறைவதை ஆட்டத்தின் நடுவே கண்டிருந்தால் என்ன செய்வது என்றும் சிலர் கேட்பதுண்டு. நட்புக்கு ஆடும்போது பின்னால் வரும் குழுவுக்குக் கைகாட்டிச் சொன்னாலே எடுத்து வருவார்கள். போட்டி என்றால் கவனம். திரும்ப ஓடிப்போய் ஆட்டத்தைத் தாமதித்தால் விதி 5.6இன்படி முதல் தடவைக்கு ஒரு அடி தண்டம். 14 மட்டையோடு தொடங்கி ஒன்றைத் தொலைத்தவர் அதற்குப் பதிலாக வேறொன்றைச் சேர்க்கவும் முடியாது, மீதி 13ஓடுதான் முடிக்கவேண்டும். கூட ஆடுபவரின் மட்டையை வாங்கி அடிப்பதும் தவறு.

மச்சான் அடுத்த முறை வரும்போது இரண்டு மாற்றம் செய்யச் சொல்லுங்கள். முதலாவது, வெட்ஜைக் கீழே போடும் இடம். முன்பு கொடிக் கம்பைப் பிடுங்கிக் கீழே வைப்பார்கள், வெட்ஜை அதன் மேல் போட்டால் கம்பைத் திரும்பக் குத்தும்போது கையில் வரும். 2019இல் விதி மாறியபின் கம்பைக் குழியிலேயே விட்டு ஆடலாம் என்றாகிவிட்டது, அந்த நினைவூட்டலும் போய்விட்டது. இப்போது செய்யக்கூடியது, குழிக்கும் அடுத்த டீக்கும் இடையில், நடந்து வெளியேறும் வழியில், கிரீன் விளிம்பில் போடுவது. காலில் தட்டுப்படாமல் தாண்டமுடியாத இடமாக இருக்கவேண்டும். பையின் பக்கம் போட்டால் போதாது. பை கெடியின் தோளில் போய்விடும். புல் ஈரமாக இருந்தால் பந்தை நிறுத்தும் ஒரு டீக் குச்சியைக் குத்தி, பிடியை அதன் மேல் சாய்த்து வைக்கலாம். பிடியும் நனையாது, கிடப்பதும் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது, பெயர். பிடிக்குக் கீழே இரண்டு அங்குலம் விட்டு, ஒரு சிறு கடதாசியில் பெயரும் நாட்டுக் குறியீட்டோடு தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் எழுதி, தண்டில் சுற்றி, மேலே தெளிந்த ரேப் ஒட்டவேண்டும். இங்கே வந்து வாங்கிய சிம்மின் இலக்கத்தை எழுதாதீர்கள், அவர் போனபின் அது வேலை செய்யாது. இருக்கும் இடத்தைக் கைபேசியில் காட்டும் சிறு புளூடூத் வில்லையைப் பையின் பொக்கற்றில் போடலாம், ஆனால் அது பைக்குத்தான் காவல், மட்டையைக் காட்டாது.

தலையுறையை அந்தக் கெடியிடமே கேளுங்கள். டீயில் ட்ரைவரை நீட்டும்போது உறையைக் கழற்றித் தன் மேலங்கிப் பொக்கற்றில் செருகியிருப்பார். மட்டையைவிட அது முதலில் கிடைக்கும்.