எச்சரிக்கையில் 3 மீட்டர், கண்ணெதிரே 5 மீட்டர்: எதை நம்புவது?

கேள்வி: காசிமேட்டில் ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். புயல் ஆந்திரா பக்கம் திரும்பியபோது, எச்சரிக்கையில் அலை 3 மீட்டர் என்றார்கள். துறைமுக வாயில் அருகே நாங்கள் பார்த்தது அதைவிட ரொம்பப் பெரிசு. கருவி தப்பாகக் காட்டுகிறதா?

பதில்: கருவியில் தப்பில்லை, நீங்கள் பார்த்ததும் நிஜம். எச்சரிக்கையில் வரும் எண், இருப்பதிலேயே பெரிய அலையின் உயரம் அல்ல. அலைகளை உயர வாரியாக அடுக்கி, பெரிதாக உள்ள மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துப் போடும் சராசரி. தனி அலை ஒன்று அதைப்போல் ஒன்றரை மடங்கு, சில நேரம் இரண்டு மடங்குகூட எழும்பும். 2004-ல் ஐவன் சூறாவளி மெக்சிகோ வளைகுடாவைக் கடந்தபோது, கடலடியில் வைத்திருந்த அழுத்தமானிகளில் கிடைத்த உச்ச சராசரி 17.9 மீட்டர், தனி அலையோ 27.7 மீட்டர். ஆகவே 3 என்று படித்தால் 5, 6-க்குத் தயாராக இருங்கள்.

நம் கரையோரத்தில் அலையை அளப்பது மிதவை. ஒரு மீட்டருக்கும் குறைவான குறுக்களவுள்ள உருண்டை; அலையோடு தாராளமாக ஏறி இறங்க, ரப்பர் கயிற்றில் கட்டியிருப்பார்கள். உள்ளே இருக்கும் முடுக்கமானி ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் பதியும்; அதிலிருந்து உயரத்தைக் கணக்கிட்டு அனுப்பும். கடும் புயலில் கூரான அலை முகட்டைச் சுற்றி மிதவை நழுவிவிடுவதும் உண்டு. அப்போது எண் சற்றுக் குறைவாகவே வரும். ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையம் தன் முன்கணிப்பைச் சரிபார்ப்பது இந்த அளவுகளை வைத்துத்தான்.

மிதவை இருப்பது திறந்த கடலில். உங்கள் வாயிலிலோ கடலின் ஆழம் குறைவதால் அலை நிமிர்கிறது. அலைதடுப்புச் சுவரிலும், கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்பான தூண்டில் வளைவிலும் மோதித் திரும்பி, அடுத்த அலையோடு சேர்கிறது. அந்த உயரம் எந்த அறிக்கையிலும் வராது.

உயரத்தோடு இன்னொரு எண்ணையும் பாருங்கள்: ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை விநாடி. 6 விநாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய அலை. 15 விநாடி என்றால் தூரத்துப் புயல் அனுப்பியது. மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கும். இங்கே காற்று ஓய்ந்தாலும் அது ஓயாது. புயல் விலகிய பிறகும் கடலுக்குப் போகாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உயரம் குறைவாக இருந்தாலும் விநாடி கூடியிருந்தால், வாயிலைத் தாண்ட வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். மிதவையின் நிழலில் மீன் கூடும் என்று அதில் படகைக் கட்டுகிறார்கள், அதன் கயிற்றில் வலை சிக்கினால் அறுத்துவிடுகிறார்கள். அறுந்த மிதவையை மாற்ற கப்பல் போக வேண்டும். அதற்குள் புயல் வந்தால் அந்த இடத்து அலை யாருக்கும் தெரியாது.