சாக்ஸ்-கோபர்க் என்ற சிறிய ஜெர்மானியக் குடும்பம் ஐரோப்பிய அரியணைகள் பலவற்றை எவ்வாறு அடைந்தது?

படைவலிமையாலன்று, திருமண உறவுகளால்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடனில் மூழ்கியிருந்த இந்தக் கோமகன் குடும்பத்துக்கு, கோமகன் ஃபிரான்ஸின் மகள் யூலியானாவை ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் தம் பேரன் கான்ஸ்டன்டினுக்கு 1796இல் மணமுடித்ததே திருப்புமுனையாகும். அந்த மணவாழ்க்கை கசந்து, யூலியானா 1801இல் ரஷ்யாவை விட்டே வெளியேறினார்; அவருடைய துயரத்தின் மேல்தான் குடும்பத்தின் ஏற்றம் கட்டப்பட்டது என்பதை மறக்கலாகாது. ஏனெனில், நெப்போலியன் கைப்பற்றிய கோபர்க் 1807இல் திரும்பக் கிடைத்ததற்கு ரஷ்யாவின் ஆதரவே காரணம். ரஷ்யப் படையில் உயர்ந்த யூலியானாவின் தம்பி லியோபோல்ட், 1814இல் ஜார் மன்னரின் பரிவாரத்துடன் லண்டன் சென்று, 1816இல் பிரிட்டிஷ் இளவரசி சார்லட்டை மணந்தார். அடுத்த ஆண்டே சார்லட் இறந்துவிட்டாலும், லியோபோல்ட் 1831இல் பெல்ஜியத்தின் முதல் மன்னரானார்.

அவருடைய அக்காள் விக்டோரியாவின் மகள்தான் பிரிட்டனின் விக்டோரியா மகாராணி. அண்ணன் முதலாம் எர்ன்ஸ்டின் மகன் ஆல்பர்ட்டை அவர் 1840இல் மணந்தார். ஆக, அத்தை மகளும் மாமன் மகனுமே தம்பதியராயினர், நம் உறவுமுறையில் இது எளிதில் விளங்கும். மற்றோர் அண்ணனான ஃபெர்டினாண்டின் வழியினர் போர்ச்சுகலிலும் பல்கேரியாவிலும் அரசாண்டனர்.

1917இல் பிரிட்டிஷ் கிளை தன் பெயரை வின்ட்சர் என மாற்றிக்கொண்டது. மறு ஆண்டு கோபர்க்கின் கடைசிக் கோமகன் கார்ல் எட்வர்ட் பதவி இழந்தார்.